பஞ்சாரத்துக்குள் ஒரு வாரம்

கேள்வி: சந்தையில் வாங்கிய 6 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு ஒன்றரை மாதம் ஆகிறது. கொல்லையில் விட்டால் பெரிய கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன. என்ன செய்வது?
– வாசகி, மணப்பாறை

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இரண்டு மாதம் முடிந்து இறகு நன்றாக முளைக்கட்டும். அதுவரை பகலில் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பெரிய கோழிகள் மேயும் இடத்திலேயே வையுங்கள். மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்தே பழகிவிடும். எங்கள் கருப்புப் பெட்டை முதல் 2 நாள் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பஞ்சாரத்தையே சுற்றி வந்தது. ஒரு வாரத்தில் அதன் ஓரத்திலேயே படுத்து மண்ணைக் குடைந்து குளித்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் திறந்துவிட்டேன்.

தீனியும் தண்ணீரும் 2, 3 இடத்தில் வையுங்கள். பாதிச் சண்டை அங்கேதான். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் தின்ன வேண்டாம், அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரத்தம் கசிந்த குஞ்சை உடனே தனியாகப் பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும்.