நழுவுகிற செருப்பைக் கவனியுங்கள்

உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் சினிமாதான் இருக்கிறது. வண்டிப்பெரியாறு எஸ்டேட் லயத்துப் படியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட உங்கள் வீட்டுக்காரர், ‘மூன்றாம் பிறை’ ஸ்ரீதேவி மாதிரி ஒருநாள் உங்களையே யார் என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: விழுந்து ஆறாவது வாரம், நாலு நாளாக இடது கால் செருப்பு கழன்று போவதுகூடத் தெரியாமல் நடக்கிறார், பகலிலும் தூங்கி வழிகிறார்.

அம்மா, முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். கடிதத்தைப் படித்ததும் போனில் சொன்னேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்: இன்றைக்கே சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். கோட்டயம் மெடிக்கல் காலேஜோ மதுரை பெரியாஸ்பத்திரியோ, உங்களுக்கு எது வசதியோ அங்கே போங்கள்.

விழுந்த அன்று எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்ததே என்கிறீர்கள். இருந்திருக்கும். மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ஓடும் சின்ன ரத்தக்குழாய் ஒன்று கிழிந்து, கசிவு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மூளையை அழுத்தலாம். வயது ஏறியவர்கள், குடிப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது அதிகம். உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்து, அது அடைக்காமலிருக்க ஆஸ்பிரின் ஓடுகிறது. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பகல் தூக்கம், ஒரு பக்கக் கையோ காலோ சொன்னபடி கேட்காமல் போவது, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கசிவுதான் என்று உறுதியானால், மண்டையோட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை வெளியேற்றுவார்கள். நேரத்தில் போனால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

தலைவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை நிறுத்துங்கள். ஆஸ்பிரினோடு அதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஸ்டென்ட் விஷயம், டாக்டர் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரையைச் சாக்கடையில் போடுங்கள். மயங்குவது நோயாலா மாத்திரையாலா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். வல்லாரை லேகியம் பற்றிச் சண்டை போட எனக்கு நேரமில்லை. அவருக்கு வாசனை தெரியாமல் போனது அடியால்தான். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகள் அறுபட்டிருக்கும். சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது, அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சினிமாவுக்கு வருவோம். உங்களை அவர் மறக்க மாட்டார். பெண்டாட்டி முகம் மறந்துபோய் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிற ஆளை நான் வார்டில் பார்த்ததில்லை. பெரும்பாலும் அழிவது அடிபட்ட நேரத்தை ஒட்டிய நினைவுதான். 2012-இல் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ ஒரு நிஜச் சம்பவத்தை வைத்து எடுத்தது. பின்மண்டையில் அடிபட்ட பையன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான். நாங்கள் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதுதான். இன்னொரு அடி விழுந்தால் நினைவு திரும்பும் என்று உங்கள் கொழுந்தனார் சொன்னாராமே, அவரை இந்தப் பக்கம் விடாதீர்கள். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

படங்கள் காட்டாத ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. சோற்றில் உப்பு குறைந்ததற்குத் தட்டை எறிந்தார், மகளின் பேறுகாலச் செய்தி கேட்டும் சும்மா உட்கார்ந்திருந்தார் என்கிறீர்கள். மூளையின் முன்பகுதி அடிபட்டால் பொறுமையும் உற்சாகமும் முதலில் போகும். நினைவு போனால் அழுவதற்கு ஊரே வரும், குணம் மாறினால் வீட்டுக்காரிதான் திட்டு வாங்குகிறாள். நீங்கள் செய்த எதற்கும் வந்த கோபம் இல்லை இது. ஸ்கேன் முடிந்து ஆபத்து இல்லையென்றால், டி.வி. சத்தம், வீட்டுக் கூட்டம், சாராயம் மூன்றையும் ஒதுக்கி, தூக்கத்தை ஒழுங்குபடுத்துங்கள். முதல் ஆறு மாதத்தில் நிறையத் தேறும், அப்புறமும் மெல்லத் தேறும். மகளையோ மாமியாரையோ வாரத்தில் ஒருநாள் பொழுது அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே போய் வாருங்கள்.

ஜீப் சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை வாங்கி வையுங்கள்.