அழ வேண்டியது யார்? நடிப்பைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்குக் கேள்வி பதில்

செய்யாறு பக்கத்துக் கூத்துக் குழு ஒன்றில் பின்பாட்டு பாடத் தொடங்கி, வேஷம் கட்டி, பிறகு நவீன நாடகத்துக்கு வந்தவன் நான். இப்போது பெரும்பாலும் இளையவர்களுக்கு நடிப்புப் பயிற்சி கொடுக்கிறேன். நடிப்பு, கதைசொல்லல், குரல் நடிப்பு ஆகியவற்றில் இறங்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஐயா, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 27. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக நடிக்க வரலாமா? இது எனக்கான துறைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தம்பி, இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். எங்கள் பக்கத்தில் கூத்துக் கலைஞர்கள் பலருக்குக் கொஞ்சம் நிலமோ, தறியோ, கட்டட வேலையோ உண்டு. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஆட்டம் தொடர்ந்து இருக்கும். மற்ற மாதங்களில் வேறு பிழைப்பு. அதனால் அவர்களை யாரும் அரைக் கலைஞர் என்று சொல்வதில்லை. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. அந்த வேலைகளுக்கு நடுவில்தான் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார், மேடையேறி நடிக்கவும் செய்தார்.

உங்களுக்கான துறையா என்பதைக் கைதட்டலை வைத்து முடிவு செய்ய முடியாது. கைதட்டல் யாருக்குத்தான் பிடிக்காது? கைதட்டல் இல்லாத நேரம் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலமே கூத்து நடக்கும் ஊருக்குப் போய், வேஷம் கட்டும் இடத்தில் ஓரமாக உட்காருங்கள். கண்ணாடித் துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அரிதாரம் குழைத்து, புருவத்துக்கு மேலே கோடு இழுத்து, அதைத் துடைத்து மறுபடி இழுப்பார்கள். காலுக்குச் சலங்கை, தோளுக்குப் புஜக்கீர்த்தி, கடைசியில் கிரீடம். இதற்கே சில மணி நேரம் போய்விடும். அதைப் பார்க்கச் சலிப்பாக இருந்தால் நீங்கள் நல்ல ரசிகர், அதுவும் பெரிய விஷயம்தான். பிரஷ்ஷை வாங்கி நாமும் ஒரு கோடு போட்டுப் பார்ப்போமா என்று கை துறுதுறுத்தால், வார இறுதியில் ஏதாவது ஒரு குழுவின் ஒத்திகைக்குப் போகத் தொடங்குங்கள். இரண்டு, மூன்று நாடகங்களில் சின்ன வேஷமாவது போட்டுவிட்டு அப்புறம் வேலையைப் பற்றி யோசிக்கலாம்.

வேலூரில் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறேன். மேடையில் நான் உண்மையாகவே அழுகிறேன், கண்ணீர் தானாக வருகிறது. ஆனால் பார்ப்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே தப்பு?

இந்தக் கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணீர் மூன்றாவது வரிசையைத் தாண்டித் தெரியாது. ஆனால் அழுகை தொண்டையை அடைத்துவிடும், அடுத்த நாலு வசனம் யாருக்கும் கேட்காது. அதைவிட முக்கியம், நீங்களே அழுது முடித்துவிட்டால் பார்ப்பவருக்கு என்ன வேலை மிச்சம்? அவர் உங்களைப் பார்த்து, "பாவம், நன்றாக அழுகிறாள்" என்று நினைப்பார். அவ்வளவுதான்.

வடமாவட்டங்களில் யாராவது இறந்தால், கருமகாரியம் நடக்கும் இரவில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. இறந்தவரின் குடும்பமே முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை என்ற இளக்காரம் அவளுக்கு. முகம் கொடுக்க மறுக்கிறாள். கடைசியில் அவன் களத்தில் விழுந்த பிறகு குந்தி வந்து மகனே என்று மடியில் வாங்குகிறாள். வாழ்நாள் முழுக்க அவன் கேட்க ஏங்கிய சொல் அப்போதுதான் கிடைக்கிறது. அந்த இடத்தில் கர்ண வேஷக்காரர் அழுது நான் பார்த்ததே இல்லை. உச்ச சுருதியில் பாட வேண்டியிருக்கும். தாளம் தப்பாமல் சாய வேண்டும். மரத்தால் செய்த அணிகளான கட்டைச் சாமான்களின் பாரம் வேறு தோளில். அவருக்கு அழ நேரமே கிடையாது. ஆனால் எதிரே தகப்பனைப் பறிகொடுத்த பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். கர்ணன் செத்ததற்காக மட்டும் அழவில்லை. காரியம் முடிகிற வரைக்கும் விருந்தாளியைக் கவனித்து, அரிசி அளந்து, அழ நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கூத்து அவர்களுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு என் பயிற்சி முறையே மாறியது. உணர்ச்சியை நாம் ஊற்றித் தர வேண்டியதில்லை. பார்ப்பவர் ஏற்கனவே நிறைய வைத்திருக்கிறார். அது வெளியே வர நாம் இடம் செய்து கொடுத்தால் போதும்.

இனி உங்கள் காட்சிக்கு வருவோம். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைச் சொல்லும் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தளர்வது, இல்லாமை. நீங்கள் அழும் காட்சியில் இந்த நான்கில் எது இருக்கிறது? நான் இப்படிக் கேட்டால் பல மாணவர்கள் "சோகம்" என்பார்கள். சோகத்தை நடிக்க முடியாது. இகழப்பட்டவன் எங்கே பார்ப்பான், கையை எங்கே வைத்துக்கொள்வான் என்பதை நடிக்கலாம். கர்ணனிடம் இளிவும் இருக்கிறது, இழவும் இருக்கிறது. விடைபெறும் காட்சியில் முதலாவதை அழுத்தமாக ஆடியவருக்குத்தான் மரணக் காட்சியில் இரண்டாவது கைகூடும்.

ஒத்திகையில் ஒன்று செய்து பாருங்கள். அம்மா இறந்த செய்தி தொலைபேசியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்குகிறது. போனைக் கீழே வைக்காமல் பாலை இறக்கி வையுங்கள். துணியைத் தேடுங்கள், அடுப்பை அணையுங்கள், சிந்தியதைத் துடையுங்கள். அழவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு ஆடுங்கள். பார்க்கிற நண்பர்களின் முகத்தை இன்னொருவர் கவனித்துக்கொண்டே இருக்கட்டும். எந்த நொடியில் அவர்கள் முகம் மாறியது என்று உங்களுக்கு அவர் சொல்வார். என் வகுப்புகளில் பெரும்பாலும் துடைக்கும் இடத்தில்தான் மாறியிருக்கிறது.

முறையாக எங்கே கற்றுக்கொள்ளலாம்? சென்னை, புதுவை என்றால் வசதி.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி உண்டு. பட்டப்படிப்போடு சில நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள், இந்தி தெரிந்தால் சிரமம் குறையும். சினிமா தொழில்நுட்பம் என்றால் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி. நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள்தான் பசுபதி, குரு சோமசுந்தரம் போன்ற நடிகர்கள். அங்கே தெருக்கூத்தும் சிலம்பமும் நடிகரின் உடற்பயிற்சியில் ஒரு பகுதி. கூத்தையே கற்க வேண்டுமென்றால் செய்யாறு அருகே புரிசைக்குப் போங்கள். கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் வழி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதத்தில் சினிமா வாய்ப்பு என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆரணி. வயது 20. எனக்குக் கூத்து ஆட ஆசை. பெண் பிள்ளை ராத்திரி முழுக்க மேடையில் ஆடுவதா என்று வீட்டில் சண்டை.

கூத்தில் திரௌபதியையும் பொன்னுருவியையும் ஆண்களே ஆடி வந்தது உண்மை, அம்மா. ஆனால் தமிழ் மேடைக்கு இது புதுசு இல்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நாடகக் கம்பெனி நடத்தினார். கே. பி. சுந்தராம்பாள் சின்னப் பிள்ளையாகவே மேடையேறியவர். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்து, முழு இரவுக் கூத்தும் ஆடினார்கள். அதில் படித்தவர்களில் சிலர் இன்றும் ஆடுகிறார்கள்.

வீட்டில் வரலாறு பேசிப் பயனில்லை. அவர்கள் பயப்படுவது ராத்திரிப் பயணத்துக்கும் ஊர்ப் பேச்சுக்கும். பயணத்துக்கு மட்டுமாவது பதில் வைத்துக்கொள்ளுங்கள். சேரப்போகும் குழுவில் வேறு பெண்கள் இருக்கிறார்களா, உடை மாற்ற மறைவான இடம் உண்டா, விடிந்ததும் எந்த வண்டியில் திரும்புவது என்று முதலிலேயே கேளுங்கள். இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கும் குழு உங்களுக்கு வேண்டாம். பிறகு அம்மாவை ஒருநாள் ஒத்திகைக்கு அழைத்துப் போங்கள். நீங்கள் விருத்தம் பாடுவதை அவர் ஒருமுறை நேரில் கேட்கட்டும். ஊர்ப் பேச்சுக்கு என்னிடம் மருந்து இல்லை. நன்றாக ஆடினால் அது குறையும், முழுக்க நிற்காது.

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ஊரில் வடமோடிக் கூத்து ஆடும்போது சனம் எங்களோடு ஒன்றிப் போகும். அதே கூத்தை மண்டபத்தில் ஆடினால் எல்லோரும் அமைதியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

முதலில் உங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரைக் கேளுங்கள், என்னைவிட அவருக்கு நிச்சயம் அதிகம் தெரியும். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் ஆட்டம் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்துக்காகப் பிறந்தது. சுற்றி நாலு பக்கமும் ஆட்கள். எதிரே இருப்பவர் ஆட்டக்காரரை மட்டும் பார்ப்பதில்லை, ஆட்டக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து கண் துடைக்கும் பக்கத்து வீட்டு ஆச்சியையும் சேர்த்துப் பார்க்கிறார். ஒருவர் உணர்ச்சி இன்னொருவருக்குத் தொற்றுவது அப்படித்தான். மண்டபத்தில் விளக்கை அணைத்து, எல்லோரையும் ஒரே பக்கம் திருப்பி உட்கார வைத்தால் அந்த வழி அடைபட்டுப் போகிறது.

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை மண்டப மேடைக்குக் கொண்டுவந்தபோது நேரத்தைச் சுருக்கி, மேடைக்கு ஏற்ப அமைத்தார். அதனால் கூத்துக்குப் புதிய பார்வையாளர்கள் கிடைத்தார்கள், அது பெரிய காரியம். அதே மண்டபத்தில் நீங்கள் இன்னொன்றைச் செய்து பார்க்கலாம். மேடையை விட்டுத் தரையில் ஆடுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். பார்ப்பவர்கள் மேலும் வெளிச்சம் கொஞ்சம் விழட்டும். மத்தளக்காரரை ஓரத்தில் ஒளிக்காதீர்கள். பாட்டுத் தெரிந்த மூத்தவர்களை முன்வட்டத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினாலே மண்டபத்தின் இறுக்கம் தளர்ந்துவிடும்.

டப்பிங் கலைஞராக விரும்புகிறேன். கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று பேசும்போது உணர்ச்சி வருவதில்லை. முன்னால் யாரும் இல்லையே?

கூத்தில் ஒவ்வொரு பெரிய வேஷமும் திரைக்குப் பின்னால் நின்றுதான் முதலில் பாடும். இரண்டு பேர் துணியைப் பிடித்திருப்பார்கள். கிரீடத்தின் உச்சியும் சலங்கைச் சத்தமும் தவிர எதுவும் வெளியே வராது. அந்தக் குரலை வைத்தே துரியோதனன் வந்துவிட்டான் என்று சனம் நிமிர்ந்து உட்காரும். பாடுகிற வேஷக்காரருக்கும் முன்னால் துணிதான்.

வசனத்தை யாரிடம் சொல்கிறீர்கள், அவரிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பேசுங்கள். "போயிட்டு வா" என்ற இரண்டு சொல்லை, அவர் திரும்பி வர வேண்டும் என்றும், சீக்கிரம் தொலைய வேண்டும் என்றும், கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்றும் நினைத்துப் பதிவு செய்து கேளுங்கள். மூன்றும் ஒரே மாதிரி ஒலித்தால் இன்னும் பயிற்சி தேவை. திரைப்பட டப்பிங்குக்குச் சங்க உறுப்பினர் அட்டை கேட்பார்கள். அதற்கு நேராகச் சங்க அலுவலகத்துக்கே போங்கள், இடையில் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

திருப்பூர். பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். எல்லோரும் அழைக்கிறார்கள், பணம் என்றதும் பேச்சை மாற்றுகிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூத்துக்கு ஆள் பேச வரும்போது தட்டில் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்துக் கொடுப்பார்கள். அச்சாரம் கைமாறாமல் எந்தக் குழுவும் தேதி ஒதுக்காது. வாங்கிவிட்டால் மழையானாலும் போய் நிற்க வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. நீங்களும் அழைப்பு வந்த முதல் பேச்சிலேயே தொகையைச் சொல்லுங்கள். கதைக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் பேரம் பயணச் செலவைத் தொடாது. மனதுக்குப் பிடித்த அரசுப் பள்ளிக்கு இலவசமாகப் போகலாம், அதை நீங்களாக முடிவு செய்யுங்கள். நாட்டுப்புறக் கலை செய்கிறவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. 2007இல் அமைத்த வாரியம் அது, பலர் இன்னும் பதியாமலே இருக்கிறார்கள்.

நிகழ்ச்சி நடக்கும்போதே ஆளாளுக்குக் கைபேசி பார்க்கிறார்கள். மனசு விட்டுப்போகிறது.

கூத்தில் விடிகாலை மூன்று மணிக்குப் பாதிப் பேர் தூங்குவார்கள், கொஞ்சம் பேர் டீக்கடையில் நிற்பார்கள். யாரும் அவர்களைத் திட்டுவதில்லை. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வருவான், அந்த ஊர் ஏரியில் தண்ணீர் இல்லாததைப் பற்றி ராஜாவிடமே ஒரு கேள்வி கேட்பான். தூங்கியவர் எழுந்து உட்காருவார். நிகழ்ச்சிக்குப் போகும் ஊருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், நாலு பேரிடம் பேசுங்கள். அவர்கள் பேச்சில் ஒன்று உங்கள் கதைக்குள் வரட்டும்.

திண்டிவனம். எனக்கு 46 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனிமேல் தொடங்குவது தாமதமா?

சினிமா கதாநாயகி ஆக வேண்டுமென்றால் தாமதம்தான். குந்தியாக நிற்க வேண்டுமென்றால் சரியான வயது. பெற்ற பிள்ளையை மறைத்து வாழ்ந்தவளை இருபது வயதுக்காரி ஆடினால், அழகாக ஆடலாம். அவ்வளவு பாரத்தை அவள் இன்னும் சுமந்ததில்லை. உங்கள் குரலில் அது ஏற்கனவே இருக்கிறது. பயிற்சி வேண்டியது மூச்சுக்கும் முட்டிக்கும்தான். தினமும் கொஞ்சம் நடங்கள், வாய்விட்டுச் சத்தமாகப் படியுங்கள்.

அப்புறம், பங்குனி பிறந்ததும் உங்கள் பக்கம் எந்தத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கூத்து வாத்தியாரிடம் பேச நினைத்தால் விடிந்து, வேஷம் கலைத்து, அவர் டீ குடித்த பிறகு போய்ப் பேசுங்கள்.