வெனிஸில் அந்த இரண்டரை மணி நேரம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 62. அரசுத் துறை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 56. கல்யாணமாகி 33 வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கடன் இல்லை, கெட்ட பழக்கம் இல்லை. எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் வந்ததில்லை, நான்கு மாதங்களுக்கு முன்பு வரை.

ஜூன் மாதம் இருவரும் ஐரோப்பா டூர் போனோம். 42 பேர், ஒரு கோச், ஒரு டூர் மேனேஜர், 13 நாள். பாரிஸில் தொடங்கி பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ரைன் அருவி, டிட்லிஸ் மலை, இன்ஸ்ப்ரூக், வெனிஸ், பைசா, பிளாரன்ஸ் என்று போய் ரோமில் முடிந்தது. அவளுக்கு இது 30 வருட ஆசை. டிட்லிஸில் 3,020 மீட்டர் உயரத்தில் பனியில் கால் வைக்கப் பயந்து, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம்தான் இன்னும் என் போன் முகப்பில் இருக்கிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து வெனிஸ்.

அங்கே கோச் ஊருக்குள் வராது. ட்ரொங்கெட்டோ என்ற இடத்தில் நிறுத்திவிட்டுப் படகில் போக வேண்டும். சான் மார்க்கோ சதுக்கம் பார்த்தோம், கண்ணாடி ஊதுவதைக் காட்டினார்கள். பிறகு முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, பன்னிரண்டரைக்குக் கரையோரம் இருக்கும் இரண்டு பெரிய தூண்களுக்கு அடியில் எல்லோரும் கூட வேண்டும் என்றார்கள். நான் கழிப்பறை தேடிப் போனேன். "இங்கேயே நில்லு, நகராதே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம்.

எங்கள் டூர் மேனேஜர் பச்சைக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார். வேறொரு கூட்டத்தின் பச்சைக் குடையைப் பார்த்து, நம் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள் என்று பின்னாலேயே போயிருக்கிறாள். அவளிடம் போன் இருந்தது, சிம் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு சிம் போதும் என்று நான்தான் சொன்னேன். பாஸ்போர்ட், யூரோ எல்லாம் என் இடுப்புப் பையில்.

அந்தத் தூண்களுக்கு அடியில் நான் நின்ற நிற்பை என்னால் எழுத முடியவில்லை. அங்கே கோச் ஓட்டுநர் ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரம்தான் ஓட்டலாமாம், சட்டமாம். நேரம் தப்பினால் அன்றைய பயணமே கெடும் என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. ஒரு மணிக்கு மற்றவர்களைப் படகில் அனுப்பிவிட்டு நானும் டூர் மேனேஜரும் தேடினோம். எங்கு பார்த்தாலும் தண்ணீர். விழுந்துவிட்டாளோ என்றுதான் புத்தி போயிற்று. இரண்டே காலுக்கு ஓட்டுநரிடமிருந்து போன். "அந்த அம்மா இங்கே வந்துவிட்டார்."

போய்ப் பார்த்தால், கோச்சின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு காகிதக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் அங்கே உயிரை விட்டுக்கொண்டிருக்கிறேன், உனக்கு ஐஸ்கிரீமா? புத்தி இருக்கா உனக்கு?" என்று 42 பேருக்கு முன்னால் கத்தினேன். பணம் ஏது என்று வேறு கேட்டேன். ஆத்திரம் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மகள் 20 யூரோ கொடுத்திருந்தாளாம். ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. எழுந்து போய் ஐஸ்கிரீமைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். ரியால்டோ பாலத்தடியில் படகு ஏறியதாக டூர் மேனேஜரிடம் சொன்னாள். அது என் காதிலும் விழுந்தது.

ஊர் திரும்பியதிலிருந்து அவள் வேறு ஆளாக இருக்கிறாள். ஏடிஎம் கார்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்கா வீட்டுக்குத் தனியாக ரயிலில் போய் வருகிறாள். முன்பெல்லாம் நான்தான் கொண்டுபோய் விடுவேன். டூரில் பழகிய இரண்டு பெண்களோடு அடுத்த வருடம் கிரீஸ் போகிறாளாம். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். விசா, இன்ஷூரன்ஸ் இதெல்லாம் உனக்கு என்ன தெரியும் என்றேன். "கத்துக்கறேன்" என்றாள். கோபமாகவும் இல்லை. சமையல், சாப்பாடு, தூக்கம், பேத்தியோடு விளையாட்டு எல்லாம் வழக்கம்போல. என்னிடம் மட்டும் தேவைக்குப் பேசுகிறாள்.

போன வாரம் பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்தை எடுத்தபோது உள்ளே ஒரு சீட்டு இருந்தது. வெனிஸ் படகு டிக்கெட். 9.50 யூரோ. அதை எதற்கு அங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. நடு இரவில் விழித்து அவள் படுத்திருக்கிறாளா என்று பார்க்கிறேன். வெளியே போனால் அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்கிறேன். அந்தத் தூண்கள் கனவில் வருகின்றன. என் தங்கை, "அண்ணிக்கு மனசு சரியில்லை, டாக்டரிடம் காட்டு" என்கிறாள். இது மாதவிடாய் நின்ற பிறகு வரும் மாற்றமா? மனநோயின் தொடக்கமா? அவளை எப்படி உங்களிடம் அழைத்து வருவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மனைவியிடம் மனநோய்க்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. திடீரென்று ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல் உற்சாகமாகத் திரிகிறார், கணக்கில்லாமல் செலவு செய்கிறார், பேச்சு நிற்காமல் ஓடுகிறது என்றால் நான் கவலைப்படுவேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டுக் கிடக்கிறார் என்றாலும் கவலைப்படுவேன். இவர் நன்றாகத் தூங்குகிறார், பேத்தியோடு விளையாடுகிறார், அடுத்த வருடத்துக்குத் திட்டமிடுகிறார். மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடல் சூடேறுவது, தூக்கம் கலைவது, எரிச்சல் எல்லாம் வரும்தான். ஆனால் ஒரு பெண் ஏடிஎம் கார்டு கேட்பதற்கு அது காரணமாகாது. நம் வீடுகளில் ஐம்பது வயதுப் பெண் எதைச் செய்தாலும் இந்த ஒரு காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த இரண்டரை மணி நேரத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள், மற்றவர்கள் என்ன முணுமுணுத்தார்கள், ஓட்டுநருக்கு என்ன சட்டம் என்பதெல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி எப்படி வந்து சேர்ந்தார் என்பது மட்டும் இல்லை. ரியால்டோவில் படகு ஏறினார் என்பதும் அவர் வேறொருவரிடம் சொல்லும்போது உங்கள் காதில் விழுந்தது. இந்த நான்கு மாதத்தில் நீங்கள் அவரிடம் கேட்கவே இல்லை, இல்லையா?

அவர் செய்தது என்ன என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். வெனிஸ் 118 தீவுகளைச் சேர்த்துக் கட்டிய ஊர். பாலங்களே 400க்கு மேல். நேராகப் போகிறது என்று நம்பி நடக்கும் சந்து தண்ணீரில் போய் முடியும். கையில் வரைபடம் வைத்திருப்பவர்களே வழி தவறுகிற இடம். அங்கே, பாஸ்போர்ட் இல்லாமல், பேசத் தெரியாத மொழிக்கு நடுவில், ஒரே ஒரு 20 யூரோ நோட்டோடு நின்றிருக்கிறார். தான் பின்தொடர்ந்த குடை தன்னுடையது அல்ல என்று ஏதோ ஒரு மூலையில் தெரிந்திருக்கும். அந்த நொடியில் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர்ச் சுவர்களில் ரியால்டோவுக்கும் சான் மார்க்கோவுக்கும் வழி காட்டும் மஞ்சள் பலகைகள் உண்டு. அதில் ஒன்றைப் பார்த்து நடந்திருக்கலாம், யாரையாவது கேட்டிருக்கலாம். கோச் நிற்கும் இடத்தின் பெயர் ட்ரொங்கெட்டோ என்பது அவர் நினைவில் இருந்திருக்கிறது. ரியால்டோவில் 2ஆம் எண் படகு இரண்டு பக்கமும் போகும். எதிர்ப்பக்கம் போவதில் ஏறியிருந்தால் மறுபடி சான் மார்க்கோ பக்கம் போய் நின்றிருப்பார். சரியான படகைக் கண்டுபிடித்து, டிக்கெட் வாங்கி, சில்லறையை எண்ணி வாங்கி, சரியான இடத்தில் இறங்கி, உங்களுக்கு முன்னால் கோச்சுக்கு வந்துவிட்டார். மிச்சக் காசில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டார். 33 வருடங்களில் தனக்கென்று தானே முடிவு செய்து வாங்கிய முதல் பொருளாகக்கூட அது இருக்கலாம்.

"என்னால் முடியும்" என்ற நம்பிக்கை மனிதர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் விரிவாக எழுதினார். அடுத்தவர் தரும் உற்சாகம், மற்றவர்களைப் பார்ப்பது எல்லாம் ஓரளவுக்குத்தான். கஷ்டமான ஒன்றைத் தானே செய்து முடிப்பதிலிருந்து வருவதுதான் இருப்பதிலேயே வலுவானது என்றார் அவர். உங்கள் மனைவி படகிலிருந்து இறங்கும்போது அந்த நம்பிக்கையோடு இறங்கியிருக்கிறார். அதனால்தான் உங்களைப் பார்த்ததும் சிரித்தார். உங்களிடம் சொல்லத்தான் அந்தப் படியில் காத்திருந்தார்.

நீங்கள் கத்தியது எனக்குப் புரிகிறது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கிடைத்ததும் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் அம்மா கட்டிக்கொள்வாள். பயம் கோபமாக வெளியே வருவது அப்படித்தான். உங்கள் விஷயத்தில் அடி விழுந்துவிட்டது, கட்டிக்கொள்வது மட்டும் இன்னும் நடக்கவில்லை. அதோடு அவர் பிள்ளையும் அல்ல. தன்னந்தனியாக வழி கண்டுபிடித்து வந்தவரிடம் "புத்தி இருக்கா" என்று கேட்டிருக்கிறீர்கள், முன்பின் பழகாத 40 பேர் பார்க்க. அந்த டிக்கெட் ஏன் பூஜை அலமாரியில் இருக்கிறது என்று கேட்டீர்களே. நடந்தது நிஜம்தான் என்று சொல்ல அவரிடம் அது ஒன்றுதான் மிச்சம். தயவுசெய்து எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

இனி உங்களைப் பற்றி. நான்கு மாதமாக நடு இரவில் விழிக்கிறீர்கள், அதே இடம் கனவில் வருகிறது, அவர் வாசலைத் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்தக் கடிதத்தில் உதவி தேவைப்படுபவர் நீங்கள்தான். உங்கள் மனைவி தண்ணீரில் விழுந்துவிட்டதாக அன்று ஒரு மணி நேரமாவது நீங்கள் நம்பியிருக்கிறீர்கள். மனசு அதிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்வதால் பயம் குறையாது. அவர் குரல் கேட்டதும் கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு முன்பைவிடப் பெரிதாக வந்து நிற்கும். நீங்கள் போன் செய்ததால்தான் அவர் பத்திரமாக இருக்கிறார் என்று மனசு பழகிவிடுவதுதான் காரணம். போய்ச் சேர்ந்ததும் அவர் ஒரு செய்தி அனுப்பட்டும், அது போதும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் தவிப்பீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஏதாவது வேலை செய்யுங்கள். தூக்கமும் கனவும் இன்னும் ஒரு மாதத்தில் சரியாகவில்லை என்றால் நீங்கள் வாருங்கள். அவரை ஏதாவது சாக்குச் சொல்லி அழைத்து வராதீர்கள்.

கிரீஸ் விஷயம். விசாவைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். அதுவும் ஷெங்கன் நாடுதான், அதாவது நீங்கள் போன முறை வாங்கிய அதே வகை பொது விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடு. போன முறை கொடுத்த கைரேகையை 59 மாதங்கள் வரை திரும்பப் பயன்படுத்த முடியும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். இது எதுவும் கற்றுக்கொள்ள முடியாத வித்தை இல்லை. உங்களுக்கு வருத்தமாக இருந்தால் வருத்தம் என்றே சொல்லுங்கள். "பத்து நாள் நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கும்" என்று ஒரு கணவர் சொல்லலாம். "உனக்கு என்ன தெரியும்" என்பதற்கு அந்த அர்த்தம் இல்லை. "நானும் வருகிறேன்" என்றும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அவராகக் கூப்பிட்டால் அது வேறு.

மன்னிப்புக் கேட்க வேண்டும். டூர் வாட்ஸ்அப் குழுவில் இப்போதே எழுதிவிடலாமா என்று தோன்றும். அதற்கு முன் வீட்டுக்குள், அவரிடம். "நான் பயந்துபோனேன், அதனால்தான் கத்தினேன்" என்று காரணத்தை முன்னால் வைக்காதீர்கள். "அன்றைக்கு எல்லோர் முன்னாலும் உன்னை அப்படிப் பேசியது தப்பு" என்று முதலில் சொல்லி, கொஞ்சம் நிறுத்துங்கள். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து போகலாம். நான்கு மாத மௌனம் ஒரு வாக்கியத்தில் கரையாது, அதற்காக முகம் சுளிக்காதீர்கள்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருந்தால், சாயங்காலம் நீங்களே இரண்டு காபி கலந்து எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். அன்று வாங்கியது என்ன ஐஸ்கிரீம் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாதீர்கள், "அங்கேயே நின்றிருக்கலாமே" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். அவர் கதை ரியால்டோ பாலத்துக்கு வந்து சேருவதற்குள் காபி ஆறிப்போகும். போகட்டும்.