காட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான் மகன்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 23 வயது, பிறவியிலேயே காது கேட்காது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரில், காது கேளாதோருக்கான தொழில்நுட்பக் கல்லூரியான என்.டி.ஐ.டி.யில் ஆய்வகத் தொழில்நுட்பம் படித்து முடித்துவிட்டு மினசோட்டாவுக்கு, வீட்டுக்கு வந்திருக்கிறான். ஏதாவது ஒரு லேபில் உட்காருவான் என்று நீங்களும் அவன் அப்பாவும் நினைத்துக்கொண்டிருக்க, அவனோ காது கேளாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாநிலத்தின் வடக்கே காட்டுக்குள் போய்ப் பாதை சீரமைக்கும் வேலையில் க்ரூ லீடராக, அதாவது குழுத் தலைவராகச் சேரப் போகிறான். "மண்வெட்டி பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்து படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, "கரடி வந்தால் இவனுக்குக் கேட்குமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்வி கௌரவம் சம்பந்தப்பட்டது, அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது. கரடியை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் பக்கத்துக் கருங்கரடி யாருக்கும் அறிவித்துவிட்டு வருவதில்லை. நன்றாகக் காது கேட்கிறவர்களும் காலையில் எழுந்து கிழிந்து கிடக்கும் சாப்பாட்டுப் பையைப் பார்த்துத்தான் அது வந்து போனதைத் தெரிந்துகொள்கிறார்கள். சாப்பாட்டைக் கூடாரத்தில் வைக்காமல் மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, மண்வெட்டிக்கு வருவோம். இந்த நாட்டில் இளைஞர்களைக் காட்டு வேலைக்கு அனுப்பும் வழக்கம் பழையது. 1933இல் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது ரூஸ்வெல்ட் அரசு ஒரு படையே திரட்டியது. 1942 வரை சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை பார்த்தார்கள், 300 கோடிக்கும் மேல் மரக்கன்றுகள் நட்டார்கள். இன்று நீங்கள் குடும்பத்தோடு சுற்றுலா போகும் பல பூங்காக்களின் பாதைகளும் கல் கட்டடங்களும் அவர்கள் கைவேலை. இப்போதுள்ள கன்சர்வேஷன் கோர் எனும் இயற்கைப் பாதுகாப்புப் படை அமைப்புகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியிலேயே குழு நடத்துவதும் புதிய யோசனை கிடையாது. உங்கள் மாநிலத்தில் மினசோட்டா-அயோவா கன்சர்வேஷன் கோர் தன் கோடைக் குழுக்களில் காது கேட்கும் பிள்ளைகளையும் கேளாத பிள்ளைகளையும் சேர்த்தே நடத்தியிருக்கிறது. ஓரிகனில் நார்த்வெஸ்ட் யூத் கோர் சைகை மொழிக் குழுக்களை நடத்தியிருக்கிறது.

க்ரூ லீடர் மண்வெட்டி பிடிப்பார், உண்மைதான். ஆனால் அவருக்குச் சம்பளம் அதற்காக இல்லை. ஆறிலிருந்து பத்துப் பதின்பருவப் பிள்ளைகள், வாரக்கணக்கில் கூடாரம், அவர்களுடைய சாப்பாடு, சண்டை, காய்ச்சல், வேன் ஓட்டுவது, வன அலுவலரிடம் வேலைக்குக் கணக்குச் சொல்வது எல்லாம் அவர் தலையில். 23 வயதில் இத்தனை பொறுப்பைத் தூக்கிக் கொடுக்கும் லேப் எதையும் நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டிய இடங்கள் இருக்கின்றன, ஆனால் அவை நீங்கள் நினைக்கும் இடங்களில் இல்லை.

முதலில் இடி. மின்னலுக்குப் பின் 30 வினாடிக்குள் இடி கேட்டால் ஒதுங்கு, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வா என்பது இங்கே பலரும் கற்றுக்கொண்ட விதி. இடி கேட்காத குழுவுக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை. மின்னலைக் கண்ணால் பார்த்ததுமே ஏரியை விட்டு வெளியேறு, கடைசியாக மின்னியதிலிருந்து நேரம் எண்ணு, காலையிலும் மதியமும் வானிலை முன்னறிவிப்பை எடுத்துப் பார் என்று அவனை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும். தம்பி கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதில் சொல்லத் தயங்கினார்கள் என்றால், காது கேட்கும் குழுவுக்கு எழுதிய கையேட்டை அப்படியே இவன் கையில் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் கைகள். நாம் வெட்டிக்கொண்டே பேசுவோம். கையால் பேசுகிறவர்கள் பேசுவதற்குக் கருவியைக் கீழே வைத்தாக வேண்டும். புலாஸ்கி என்று ஒரு கருவி உண்டு, ஒரு பக்கம் கோடாலி, மறுபக்கம் மண்வெட்டி. அதைப் பிடித்திருக்கும் பையனிடம் பின்பக்கமாகப் போய்த் தோளைத் தட்டிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இந்தக் குழுக்களில் எப்போதும் எதிர்ப்பக்கம் வந்து, தள்ளி நின்று, கையை அசைத்து, அவன் நிமிர்ந்து பார்த்து, கருவியைக் கீழே வைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். மேலேயிருந்து கல் உருண்டால் "கல்லு!" என்று கத்திப் பயனில்லை. ஆகவே சரிவில் ஒருவருக்குக் கீழே இன்னொருவரை நிறுத்தவே கூடாது. கேட்கும் குழுக்களுக்கும் இதே விதிதான். ஆனால் குரல் இருக்கிறது என்ற தைரியத்தில் அவர்கள் அதை மீறுவார்கள், இவர்களால் மீற முடியாது. தினமும் இப்படி ஒழுங்காக நடக்கும் குழு பல இடங்களில் கேட்கும் குழுவைவிடப் பத்திரமானது என்றே நான் நினைக்கிறேன்.

மினசோட்டாவின் வடக்கே ஏரிகள் நிறைந்த காட்டுப் பகுதியான பவுண்டரி வாட்டர்ஸ் பக்கம் வேலை என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். தூக்குகிறவருக்கு இரண்டு கையும் ஓய்வில்லை, தன் காலடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அந்த நேரம் அவர் பேசவும் முடியாது, பிறர் சொல்வதைப் பார்க்கவும் முடியாது. முன்னால் வழிகாட்ட ஓர் ஆள் நடந்தே ஆக வேண்டும். அனுபவமுள்ள நிறுவனத்துக்கு இது நாம் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

இருட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜூனில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், ஆகவே மாலைப் பேச்சு வெயிலிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு பேச வேண்டியிருந்தால் தலைவிளக்கை நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறக்கித் தங்கள் கைகள் மேல் விழும்படி வைத்துக்கொள்ளலாம். நெற்றியில் இருந்தால் எதிரில் இருப்பவர் கண்ணைக் கூசும். இதெல்லாம் உங்கள் மகனுக்கு நானோ நீங்களோ சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு இடத்தில். வழக்கமாக ஒரு குழுவுக்கு இரண்டு லீடர்கள் இருப்பார்கள். ஒருவர் காது கேளாதவர், மற்றவர் கேட்பவர், சைகை தெரிந்தவர் என்று பல நேரம் அமையும். காகிதத்தில் இருவரும் சமம். வன அலுவலர் வண்டியிலிருந்து இறங்குவார், நேராகக் கேட்பவரிடம் போய்ப் பேசுவார். பத்து நாளில் ஒருவர் முதலாளி, இன்னொருவர் எடுபிடி என்று ஆகிவிடும். நான் ஆலோசனை சொன்ன ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. பயிற்சியின் முதல் நாள் மட்டும் மொழிபெயர்ப்பாளர் வந்தார், மற்ற நாட்களில் கேட்கும் லீடரே மொழிபெயர்த்தார். அவருக்கும் இரட்டை வேலை, இவளுக்கும் பாதிச் செய்தி. பருவம் முடியும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த நிறுவனம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். மொழிபெயர்ப்பு தனி வேலை என்பதை அவர்கள் யோசிக்கவே இல்லை. அதனால் தம்பி முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டியவை சில. பயிற்சி முழுவதற்கும் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். குறிப்பாக காட்டு முதலுதவிப் படிப்புக்கு. அது எழுபது எண்பது மணிநேரப் படிப்பு, ராத்திரியில் விபத்து ஒத்திகையும் நடக்கலாம். மொழிபெயர்ப்பாளருக்கு ஆகும் செலவு நிறுவனத்துடையது, 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் வேலை கொடுப்பவர் மேல் வைக்கும் பொறுப்பு அது. காட்டில் வாக்கி-டாக்கியை மட்டும் நம்பாமல் செயற்கைக்கோள் வழியாக எழுத்தில் செய்தி அனுப்பிப் பெறும் கருவி அவன் கையிலேயே இருக்க வேண்டும். கேட்கும் லீடர் பையில் இருந்தால் போதாது.

எதற்காக இவனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கின்றன. அந்த வீடுகளில் பல பேருக்குச் சைகை மொழி வராது. பள்ளியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் துணையோடு, வகுப்பிலேயே ஒரே காது கேளாத பிள்ளையாக வளர்ந்து, பதினாறு வயதில் இந்தக் குழுவுக்கு வந்து சேரும் பையன்கள் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் எட்டுப் பேர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார்கள் என்று தனக்கும் புரிவது அவர்களுக்குப் புது அனுபவம். இதுவரை அவர்களை வேலை வாங்கிய பெரியவர்கள் எல்லாருமே காது கேட்பவர்கள். வேன் ஓட்டி, வரைபடம் பார்த்து, அலுவலரோடு வாதாடி, ராத்திரி சோறு பொங்கிப் போடும் காது கேளாத ஓர் ஆளை முதல் தடவையாகப் பார்ப்பார்கள். சைகை சரியாக வராத பிள்ளைக்குக் காடுதான் வகுப்பறை. புலாஸ்கி போன்ற கருவிக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட சைகை இல்லாவிட்டால் முதலில் விரலால் எழுத்துக் கூட்டிச் சொல்வார்கள், பிறகு குழுவே உட்கார்ந்து ஒரு சைகையைப் பிறப்பித்துவிடும். அந்தப் பேச்சில் கலந்துகொள்கிற பிள்ளைக்கு மொழி தானாக ஏறும். மகனுக்குப் பதினாறு வயதில் அப்படி ஒருவர் இருந்தாரா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள்.

பணம் அதிகம் கிடையாது. வாரந்தோறும் தரும் படிப்பணம் கைச்செலவுக்கு ஆகும், சேமிக்க ஆகாது. மத்திய அரசின் சேவைத் திட்டமான அமெரிகார்ப்ஸ் வழியாகச் சேர்த்துக்கொண்டால் முடிவில் கல்வித் தொகை ஒன்று வரும். முழு ஆண்டு, அதாவது 1,700 மணிநேரத்துக்கு 7,395 டாலர் என்பது சமீப ஆண்டுகளின் கணக்கு. ஒரு கோடைக்கு 450 மணிநேரம் என்றால் சுமார் 1,950 டாலர். ஏழு ஆண்டுக்குள் மேற்படிப்புக்கோ கல்விக் கடனுக்கோ பயன்படுத்தலாம், பயன்படுத்தும் ஆண்டில் அதற்கு வரி உண்டு. இதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும், உங்கள் மகனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வருமானம் குறைந்த ஊனமுற்றோருக்கு அரசு தரும் எஸ்.எஸ்.ஐ. உதவித்தொகை நின்றுவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். அமெரிகார்ப்ஸ் படிப்பணத்தை அதில் வருமானமாகக் கணக்கிடக் கூடாது என்று 2008லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் நிறுவனம் அமெரிகார்ப்ஸில் சேர்க்காமல் நேரடிச் சம்பளம் கொடுத்தால் கதை வேறு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 26 வயது வரை உங்கள் காப்பீட்டிலேயே அவன் இருக்கலாம்.

இதற்கு மேல் என்ன? முன்பெல்லாம் நான் சுலபமாகச் சொல்லிவிடுவேன்: மத்திய அரசு நிலத்தில் 640 மணிநேரம் வேலை பார்த்தால் வனத்துறை, பூங்காத்துறை வேலைகளுக்குப் போட்டியில்லாமல் எடுக்கப்படும் தகுதி இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும், அந்தப் படியில் ஏறிவிடு என்று. ஊனமுற்றோருக்கென்று தனி நியமன வழியும் உண்டு. வழிகள் சட்டத்தில் இருக்கின்றன. ஆனால் 2025 பிப்ரவரியில் அதே துறைகளில் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஏப்ரலில் அமெரிகார்ப்ஸ் மானியங்களில் சுமார் 40 கோடி டாலரை வெட்டினார்கள். அதன் பிறகு அந்தப் படியை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கோடைக் குழுவுக்கு நிதி உறுதியாகிவிட்டதா, பாதியில் நின்றால் படிப்பணமும் நின்றுவிடுமா என்று அவன் கேட்கட்டும்.

நான் அவனிடத்தில் இருந்தால் லேப் படிப்பையும் இதையும் சேர்த்துப் பார்ப்பேன். ஏரித் தண்ணீரில் மாதிரி எடுத்துச் சோதிக்கும் வேலைகள் மாநில அரசிலும் மாவட்ட மண்-நீர்ப் பாதுகாப்பு அலுவலகங்களிலும் உண்டு. படகு ஓட்டத் தெரிந்த, கொசுக்கடியில் வேலை பார்த்துப் பழகிய, குழு நடத்திய லேப் ஆள் என்றால் அங்கே மதிப்புத்தான். காது கேளாதோர் பள்ளிகளின் பக்கமும் ஒரு கதவு திறக்கும், ஆனால் ஆசிரியர் உரிமத்துக்குத் தனியாகப் படிக்க வேண்டும். செப்டம்பரில் திரும்பி வந்ததும் இரண்டுக்கும் விண்ணப்பம் போடலாம். ஒரு கோடை போனதால் பட்டம் காலாவதி ஆகாது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளக் கூடாது. நான்கு பக்கக் கடிதத்தில் மகன் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. "அக்காதான் அவனிடம் எடுத்துச் சொல்வாள்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அக்கா வீட்டு மொழிபெயர்ப்பாளராகவே வளர்ந்துவிட்டாள் போலிருக்கிறது. இந்தப் பேச்சுக்கு அவளை நடுவில் உட்கார வைக்க வேண்டாம். போனில் தட்டச்சு செய்தோ, காகிதத்தில் எழுதியோ, தெரிந்த அளவு சைகையிலோ நீங்களே அவனிடம் கேளுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இடியைப் பற்றிய கேள்வியில் தொடங்கலாம். அவன் அதற்கு முன்பே பதில் தேடி வைத்திருந்தால், இந்த வேலைக்கு அவன் தயாரா என்று நீங்கள் என்னிடம் மறுபடி எழுத வேண்டியிருக்காது.

போவதென்று முடிவானால் பூட்ஸை இப்போதே வாங்கிவிடுங்கள். கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ்தான் வழக்கமாகக் கேட்பார்கள். புதிதாக மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால் மூன்றாம் நாளே காலெல்லாம் கொப்புளமாகிவிடும். இரண்டு மூன்று வாரம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு புல் வெட்டட்டும், கடைக்குப் போய் வரட்டும். கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடியாவது வேண்டும்.