பழைய டிரைவரில் கை வைப்பதற்கு முன்

கேள்வி: கோவை கணபதியில் மோனோபிளாக் பம்ப் தயாரிக்கிறோங்க. டெஸ்ட் பெஞ்ச்சில் பிரஷர், டிஸ்சார்ஜ், ஆம்ப்ஸ் எல்லாம் ஒரு பிசிஐ கார்டு வழியாகப் பதிவாகும். அந்தக் கார்டை லினக்ஸோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை, முன்பு எங்களிடம் இருந்த பொறியாளர் லினக்ஸ் 2.6.32-க்கு எழுதினார். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது அடிக்கடி நின்றுவிடுகிறது. புதியதில் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டால் டிரைவர் கம்பைல் ஆகவில்லை. திருத்தலாமா, கார்டையே மாற்றிவிடலாமா?

பதில்: பழைய கம்ப்யூட்டர் ஓடும்போதே ஹார்டு டிஸ்கை முழுதாக நகல் எடுத்துவிடுங்கள். அதே நாளில் ஒரு பம்ப்பை ஓட்டி, வால்வு முழுக்க மூடியதிலிருந்து முழுக்கத் திறந்தது வரை வரும் அளவுகளை எழுதி வையுங்கள். இது கடைசியில் கைகொடுக்கும்.

அடுத்து, கார்டைப் புதியதில் செருகி 'எல்எஸ்பிசிஐ -என்என்' என்ற கட்டளையைக் கொடுங்கள். தயாரிப்பாளர் எண், மாடல் எண் இரண்டும் வரும். 13எஃப்இ என்றிருந்தால் அட்வான்டெக். அதன் 1710 கார்டுக்குக் கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதியிலேயே), அளவுகளைப் பதிவு செய்யும் கார்டுகளுக்கான 'கொமெடி' பகுதியில், டிரைவர் இருக்கிறது. பல வருடம் ஸ்டேஜிங்கில், அதாவது இன்னும் தயாராகாத டிரைவர்களுக்கான இடத்தில், கிடந்த கொமெடி, 2021-இல் 5.13 பதிப்பில்தான் முறையான இடத்துக்கு வந்தது. உங்கள் கார்டு அதில் இருந்தால் சொந்த டிரைவரை விட்டுவிடுங்கள். பதிவு செய்யும் மென்பொருளை மட்டும் கொமெடிக்கு மாற்றினால் போதும். லினக்ஸ் தன் உள் இடைமுகங்களை மாற்றிக்கொண்டேதான் இருக்கும். கர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களை, மாற்றுகிறவரே சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே இருப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் பொறியாளர் மேல் தப்பில்லை.

அதில் இல்லையென்றால் திருத்தத்தான் வேண்டும். சில பிழைகள் சுலபம். 'ஐஓரீமேப்_நோகேஷ்' என்ற ஃபங்ஷன் கர்னல் 5.6-இல் போய்விட்டது, 'ஐஓரீமேப்' என்று எழுதினால் தீர்ந்தது. 'இனிட்_டைமர்' அப்படியல்ல. 4.15 முதல் 'டைமர்_செட்டப்'தான். நேரம் முடிந்ததும் ஓடும் ஃபங்ஷனுக்கு முன்பெல்லாம் நாம் கொடுத்து வைத்த மதிப்பு வரும். இப்போது டைமரின் முகவரி வருகிறது. அதிலிருந்து 'ஃப்ரம்_டைமர்' மூலம் நம் ஸ்ட்ரக்சரை (டிரைவரின் தகவல் தொகுப்பை) எடுக்க வேண்டும். கம்பைலரின் வாயை அடைக்க ஒரு காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டால் கம்பைல் ஆகிவிடும், ஆனால் டைமர் முதல்முறை ஓடியதும் கர்னலே விழுந்துவிடலாம். பல்லடத்தில் ஒரு மில்லில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.

பழையது 32 பிட்டாக இருந்தால் இன்னொன்றையும் தேடுங்கள்: முகவரியை 32 பிட் எண்ணான 'அன்சைன்ட் இன்ட்'டில் வைத்திருக்கும் இடங்கள். 64 பிட்டில் அதன் மேல் பாதி வெட்டுப்படும். கம்பைலர் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும். அதனால் ஒரு எச்சரிக்கையைக்கூட மிச்சம் வைக்காதீர்கள்.

டெபியன் 12-இல் வரும் 6.1 நீண்டகால ஆதரவுள்ள கர்னல், அதிலேயே நில்லுங்கள்.

கம்பைல் ஆனதும் பெஞ்ச்சை உற்பத்திக்கு விட்டுவிடாதீர்கள். அதே கார்டு, அதே பம்ப், அதே வால்வு நிலைகள். முன்பு எழுதி வைத்த அளவுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். டிரைவர் ஒரு பிட் தள்ளிப் படித்தால்கூட எண் வரும், பார்க்க நம்பும்படியும் இருக்கலாம். அந்த எண்ணைத்தான் நீங்கள் பம்ப்பின் தகட்டில் அடிக்கிறீர்கள். விவசாயி அதைப் பார்த்துத்தான் கிணற்றுக்கு வாங்கிப் போகிறார்.