வாசகர் கேள்வி பதில்: வகுப்பறையில் போனும் லப்டொப்பும்

கேள்வி: கொரோனாக் காலத்தில் மூத்தவனுக்கு ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன் இப்போது தரம் 9இல் படிக்கும் மகளின் கையில். பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகக் கேட்கிறாள். "ஓஃப் பண்ணி பாக்கில வைச்சால் என்னம்மா பிழை?" என்கிறாள். என்ன சொல்ல?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: கொடுத்து விடாதீர்கள், அம்மா. ஒரு போன் வைத்திருப்பவரை மட்டும் குழப்புவதில்லை. கனடாவில் 2013இல் வெளியான ஒரு பல்கலைக்கழக ஆய்வில், பக்கத்தில் இருப்பவரின் லப்டொப் திரை கண்ணில் படும் இடத்தில் இருந்தவர்கள், அப்படித் திரை எதுவும் தெரியாத இடத்தில் இருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைவான புள்ளி எடுத்தார்கள். 15 வயது மாணவர்களின் திறனைப் பல நாடுகளில் அளக்கும் பீசா (PISA) மதிப்பீட்டில் 2022ஆம் ஆண்டு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு (OECD) நாடுகளின் சராசரியாக 59 சதவீத மாணவர்கள், பிறருடைய போனும் கணினியும் கணிதப் பாடத்தில் தங்கள் கவனத்தைக் கலைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு நேரே ரியூசன் போகிற பிள்ளையென்றால் வீட்டோடு பேச ஒரு வழி வேண்டும்தான். அதற்குப் பட்டன் போன் போதும். அதிபரின் அனுமதியோடு காலையில் அலுவலகத்தில் கொடுத்து, விடும்போது வாங்கட்டும். கொடுக்கும்போது அணைத்திருக்க வேண்டும், சைலன்ட் போதாது. சில போன்கள் அணைத்த பிறகும் அலாரம் அடிக்கும், அதையும் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் இரவில்தான் இருக்கும். வீட்டுவேலையை வட்ஸ்அப் குழுவில் போட்டால், "ரீச்சர் போட்டிருக்கிறா" என்று பிள்ளை பத்து மணிவரை போனோடு இருக்கும். வகுப்பாசிரியரிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: வீட்டுவேலை பாடம் முடியுமுன் கரும்பலகையில் எழுதப்படட்டும், குழுவில் பெற்றோரின் இலக்கம் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் எங்கள் பாடசாலைக்கு 20 லப்டொப் அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சார்ஜில் போட்டால் ட்ரிப் விழுகிறது. வகுப்பில் இவற்றை எப்படிப் பயன்படுத்தினால் நல்லது?
– கணித ஆசிரியர், வடமராட்சி

பதில்: போனுக்கு வேண்டாம் என்று சொன்ன நாங்கள் இதற்கு ஆம் என்கிறோம், ஏனென்றால் இவை பாடசாலையின் கருவிகள். ஆசிரியர் சொல்லும்போது திறந்து, சொல்லும்போது மூடலாம்.

முதலில் மின்சாரம். ஒரு சார்ஜர் 65 வாற் என்றால் 20க்கும் 1300 வாற். 230 வோல்ற்றில் கணக்குப்படி சுமார் 6 அம்பியர்தான், 13 அம்பியர் பிளக் தாங்கும். அப்படியிருந்தும் ஏன் விழுகிறது? எர்த் உள்ள ஒவ்வொரு சார்ஜரும் மிகச் சிறிய மின்னோட்டத்தை எர்த் வயருக்குக் கசியவிடும். இருபதின் கசிவும் சேர்ந்தால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் அதைப் பழுதென்று எடுத்துக்கொள்ளும். இரண்டு வெவ்வேறு ட்ரிப் சுவிட்ச்களின் கீழ் உள்ள சேர்க்கிற்றுகளில் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். கரண்ட் போய் வரும்போது எல்லாம் ஒரே நொடியில் இழுப்பதாலும் விழும். ஐந்தைந்தாகப் போடுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் கோட்டில் இன்னொன்றைச் செருகாதீர்கள். சுருட்டியபடியே வைத்துப் பாவித்தால் வயர் சூடேறும்.

கனடா, ஐரோப்பியப் பிளக்குகளுக்கு மலிவான அடப்டர் வாங்கவேண்டாம். தளர்ந்து பொறி பறக்கும். சார்ஜர் கட்டியில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால், கட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பவர் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

இரும்பு அலுமாரிக்குள் பூட்டிவைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். நம் வெயிலுக்கு அது அடுப்பு. விடுமுறைக்கு 50 சதவீதச் சார்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். மூடி சமமாகப் பொருந்தாமல் தூக்கினாலோ, விரலால் தொடும் சதுரம் மேலெழும்பினாலோ பற்றரி வீங்கியிருக்கிறது. உடனே பாவனையை நிறுத்துங்கள்.

இணையம் இல்லை என்று கவலைப்படவேண்டாம். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு கணினியில் நிறுவி, பாடங்களை ஒருமுறை இறக்கிவைத்தால், சாதாரண ரவுட்டர் வழியே மற்றவை அதிலிருந்து எடுக்கும். ரவுட்டரை அலுவலகத்தில் வைக்காமல் வகுப்பறையிலேயே வையுங்கள். பழைய கட்டடங்களின் தடித்த சுண்ணாம்புக்கல் சுவர் வைஃபையை விழுங்கிவிடும்.

ஒற்றைப் பாடவேளையில் எடுத்துக் கொடுத்து, திறக்கவே 10 நிமிடம் போய்விடும். ஆகவே இரட்டைப் பாடவேளையில் மட்டும் எடுங்கள். இருவருக்கு ஒன்று: ஒருவர் சொல்ல, மற்றவர் செய்ய, பாதியில் மாறட்டும். இருபடிச் சார்பின் வரைபை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் போட்டு, வர்க்க உறுப்பின் குணகத்தை 2, 1, 0.5 என்று இழுத்துக் குறைக்கச் செய்யுங்கள். கிண்ணம் வாய் விரிவதைப் பிள்ளை கண்ணால் காணும். மறை எண்ணானதும் கவிழும். பிறகு மூடியை இறக்கி, அதே வரைபைக் கையால் வரைபுத்தாளில் வரையட்டும். பரீட்சையில் பென்சில்தான் இருக்கும். நீங்கள் விளக்கும் ஒவ்வொரு தடவையும் மூடிகள் கீழே இருக்கவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் தமிழில் தட்டிய ஒப்படை பாடசாலைக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கிறது. ஏன்?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

பதில்: நீங்கள் பாமினியில் தட்டியிருக்கிறீர்கள், தங்கச்சி. பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட எழுத்துரு. அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கிலம் தெரியும். இப்போதைக்கு, பாமினியை யுனிக்கோட்டுக்கு (தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள பொது முறைக்கு) மாற்றும் கருவியில் போட்டு எடுத்துச் சேமியுங்கள். இனிமேல் யுனிக்கோட்டிலேயே தட்டுங்கள். ஈ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையும் இருக்கிறது, கைப்பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.