பத்து பம்ப் அடித்த கை

அன்புள்ள ஐயா,

குறி பார்த்துச் சுடுவதில் எனக்குச் சமீபத்தில் ஆர்வம் வந்திருக்கிறது. விலை குறைந்த பம்ப் ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். ஒரே பம்ப்பில் காற்று நிரம்பும் வகை நல்லதா, பல பம்ப் அடிக்கும் வகை நல்லதா? வாங்கிய பிறகு பிஸ்டனையும் வால்வையும் மாற்றி வேகத்தைக் கூட்டலாம் என்கிறார் நண்பர். விரலால் இழுக்கும் விசையையும் இலகுவாக்கித் தருவாராம். பிடியை மரத்தில் செய்துகொள்ளலாமா? அவருடைய பிஸ்டலில் பத்து பம்ப் அடித்துச் சுட்டால் கண்ணாடி பாட்டில் தூளாகிறது. ஆனால் தாளில் சுட்டால் குண்டுகள் மூலைக்கொன்றாகப் போகின்றன. வேகம் போதாததுதான் காரணமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். பத்து பம்ப் அடித்தும் குண்டு மூலைக்கொன்றாகப் போகிறது என்று எழுதிவிட்டு, வேகம் போதவில்லையோ என்று கேட்கிறீர்கள். நானும் இதே கேள்வியோடு இரண்டு வருடங்களை வீணாக்கியவன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பாட்டிலைச் சுடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கண்ணாடிச் சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கெட்டியான எதில் பட்டாலும் ஈயக் குண்டு சுட்டவரை நோக்கியே திரும்பி வரக்கூடும். கண்ணுக்குக் கண்ணாடிகூட அணியாமல்தான் சுட்டிருப்பீர்கள் என்று உங்கள் கடிதத்தின் உற்சாகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. படித்த மனிதர் செய்கிற காரியமா இது? ஆழமான ஓர் அட்டைப் பெட்டியில் பழந்துணியை இறுக்கமாக அடைத்து, அதன் பின்னால் ஒரு தடித்த பலகையை நிறுத்தி, முகப்பில் தாளை ஒட்டிச் சுடுங்கள்.

எதை வாங்குவது என்பது நீங்கள் நினைக்கிற அளவு பெரிய கேள்வி இல்லை. பல பம்ப் வகையில் கிராஸ்மன் 1377 பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, 4.5 மி.மீ. குண்டு, ஒருமுறைக்கு ஒன்று, மூன்றிலிருந்து பத்து பம்ப் வரை. மூன்றுக்குக் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம், பத்தைத் தாண்டினால் வால்வு கெடும். உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைப்பதால், பழுது பார்த்துப் பழக அது நல்ல பொருள். ஒற்றை பம்ப் வகையில் பீமன் பி17 விலை குறைந்தது. அதன் மேல்மூடியே பம்ப் கைப்பிடி, அதைத் தூக்கி ஒருமுறை அழுத்தி மூடினால் வேலை முடிந்தது. தாளில் மட்டும் சுடப்போகிறீர்கள் என்றால் ஒற்றை பம்ப்பை எடுங்கள், கழற்றிப் பூட்டுவதில் ஆசை என்றால் மற்றதை எடுங்கள். நிறம், பெயர், பெட்டியில் அச்சிட்ட வேகம் ஆகியவற்றை நான் பொருட்படுத்துவதில்லை.

இனி வேகத்துக்கு வருகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டி 1988 சியோல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அந்தப் போட்டித் தாளில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; சட்டைப் பொத்தான் அளவுதான். நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அந்தப் பத்து மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 34 மி.மீ. கீழே இறங்கும், 150 மீட்டர் வேகத்தில் போவது சுமார் 22 மி.மீ. இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அந்தப் பொத்தானின் அகலம். குண்டு எப்போதும் 120-இல் போனால், குறி பார்க்க உதவும் சைட்டை ஒருமுறை திருகிச் சரிசெய்துவிடலாம், எப்போதும் 150-இல் போனாலும் அப்படித்தான். ஒரு முறை 120, மறுமுறை 150 என்று போனால் எந்தத் திருகாணியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தாளுக்கு வேண்டியது மாறாத வேகம், அது குறைந்த வேகமாக இருந்தாலும் சரி.

பல பம்ப் பிஸ்டலில் அந்த வேகத்தை மாற்றுவது பெரும்பாலும் நாம்தான். காற்றை அமுக்கினால் சூடாகும், சூடான காற்றின் அழுத்தம் கூடுதல். படபடவென்று அடித்து உடனே சுட்டால் ஒரு வேகம், அடித்துவிட்டு ஒரு நிமிடம் குறி பார்த்தால் அதற்குள் சூடு உலோகத்தில் இறங்கி வேறொரு வேகம். ஏழா எட்டா என்று எண்ணிக்கையில் தடுமாறினால் இன்னொன்று. ஆகவே ஒரே எண்ணிக்கையில், ஒரே நிதானத்தில் அடியுங்கள்; கடைசி பம்ப்புக்கும் சுடுவதற்கும் நடுவே ஒரே இடைவெளி விடுங்கள்.

நண்பர் மாற்றச் சொல்லும் பிஸ்டன் தட்டைத் தலை வகையாகத்தான் இருக்கும்; அதை நான் பழிக்கவில்லை. பம்ப்பின் முனையில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சிறு சந்து எப்போதும் மிஞ்சும். அதில் அமுங்கிய காற்று வால்வுக்குள் போகாமல் அங்கேயே தங்கிவிடும், அழுத்தம் ஏற ஏற அப்படித் தங்குவதும் அதிகமாகும். ஒன்பதாவது, பத்தாவது பம்ப்புகள் அவ்வளவு உழைப்புக் கேட்டும் வேகத்தை அதற்கேற்ப ஏற்றாதது இதனாலும்தான். அந்தச் சந்தை ஒழிக்கப் பார்க்கும் வேலை அழகான வேலை. ஆனால் வேகத்தை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். அது எங்கிருந்து வரும்? உங்கள் தோளிலிருந்துதான். பத்து பம்ப் அடித்து முடித்த அதே கையை நீட்டி, ஒரு பொத்தானுக்கு நேராக அசையாமல் பிடிக்க வேண்டும். அடித்து முடித்ததும் முன்சைட்டைப் பாருங்கள், பின்சைட்டின் பள்ளத்துக்குள் அது நாடியோடு சேர்ந்து துள்ளும். உங்கள் குண்டுகளை மூலைக்கொன்றாக அனுப்பியது பெரும்பாலும் அந்தத் துள்ளல்தான். வேகத்தைக் கூட்டினால் நடுங்கும் கை இன்னும் வேகமாகத் தவறும், அவ்வளவுதான். நான்கு பம்ப்போடு நிறுத்துங்கள், முடிந்தால் சுடாத கையால் அடியுங்கள். இத்தனைக்கும் மேல் சட்டம் இருக்கிறது: பிரிட்டனில் ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 அடி-பவுண்டைத் தாண்டினால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடும். நீங்கள் இருக்கும் நாட்டின் வரம்பைத் தெரிந்துகொள்ளாமல் திருப்புளியைத் தொடாதீர்கள்.

விசையை இலகுவாக்குவதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு என் அக்கா ஞாபகம்தான் வருகிறது. என் முதல் பிஸ்டலின் விசை கல்லாக இருந்தது. வால்வைத் தட்டித் திறக்கும் உள்சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்தேன். போதவில்லை என்று அரத்தை எடுத்தேன், ஸ்பிரிங்கிலும் இரண்டு சுற்று வெட்டினேன். விசை வெண்ணெய்போல் ஆகிவிட்டது. நான்கு நாள் பெருமையாகச் சுட்டேன். ஐந்தாம் நாள் குண்டைப் போட்டு, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் தள்ளி மூடியபோது, விசையில் விரலே படாமல் வெடித்தது. நான் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன் என்பது என் அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை. குண்டு பக்கத்து அறைக் கதவின் சட்டத்தில் ஏறியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தாள், சுண்டுவிரல் நுனியை அந்தக் குழிக்குள் வைத்து ஆழம் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போனாள். மறுநாள் அந்த இடத்தில் ஓர் ஆணி அடித்துத் தன் கைப்பையை மாட்டியிருந்தாள். அப்பா கேட்கவே இல்லை. அவள் திருமணமாகிப் போன பிறகும் அந்த ஆணியில் வேறு எதையும் நான் மாட்டியதில்லை.

ஆகவே உங்கள் நண்பர் அரத்தோடு வந்தால் அவருக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். போட்டி விதியே ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்கிறது. விசை கனமாக இருப்பது குற்றமில்லை, சொரசொரப்பாக இருப்பதுதான் தொல்லை. உரசும் பக்கங்களைத் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவினால் பாதிச் சொரசொரப்பு போகும். கொக்கி பிடிக்கும் விளிம்பின் பக்கமே போகாதீர்கள்.

பிடியை மரத்தில் செய்யலாம், ஆனால் முதலில் மரம் வேண்டாம். இருக்கும் பிளாஸ்டிக் பிடியின் மேல் எபாக்சி மக்கை அப்பி, அது இறுகுவதற்குள், துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சுடுவதுபோல் பிடியுங்கள். உங்கள் உள்ளங்கையின் பள்ளமும் மேடும் அதில் பதியும். அந்த அச்சு சரியாக அமைந்து பல மாதம் சுட்ட பிறகு மரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நான்கு பம்ப்பில், பத்து மீட்டரில், பத்துக் குண்டு சுட்ட ஒரு தாளை எனக்கு அனுப்புங்கள். மூலைக்கொன்றாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியை மட்டும் எழுதி அனுப்புங்கள்.